கேரியரில் உட்கார்ந்த எம்.எல்.ஏ.

பாண்டிச்சேரியில் இன்றுவரை பக்கம் மாறாத மனிதர் தாம் ஒருவர்தான் என்று துப்பறியும் நிபுணர் ஆதிமூலம் அறிவித்தார். அறிவித்தபோது அவர் முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை. மருந்துக்கடை மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில் அவரைத் தவிர இருந்த ஒரே ஆள் உதவியாளன் காத்தவராயன்தான். ஆனாலும் மைதானம் நிறையக் கூட்டம் கூடியிருப்பது போல வலது கையை உயர்த்திக்கொண்டுதான் பேசினார்.

"மனசுல எழுதி வச்சுக்க காத்தவராயா. ஒரு கிளையண்ட்டுகிட்ட வேலைய ஒத்துக்கிட்டேன்னா கேஸ் முடியற வரைக்கும் நான் அவன் பக்கம். நடுவுல எவன் வந்து அழுதாலும் சரி, கால்ல விழுந்தாலும் சரி. பாதி வழியில பக்கம் மாறுறவன் மனுஷனே கெடையாது. பல்லி."

"பல்லி ஒரே சுவத்துலதான சார் இருக்கும்?"

"அப்ப பச்சோந்தி."

"அது கலரைத்தான் மாத்தும். கிளைய மாத்தாது."

"நீ பி.காம்.ல ஏன் ரெண்டு பேப்பர் பாக்கி வச்சிருக்கேன்னு இப்பத்தான்டா தெரியுது" என்றார் ஆதிமூலம்.

அது எண்பத்தைந்தாம் வருஷத்துப் பிப்ரவரி. கட்சி தாவுகிறவர்களின் பதவியைப் பிடுங்க டெல்லியில் அப்போதுதான் சட்டம் கொண்டுவந்திருந்தார்கள். செய்தியைப் படித்த நாளிலிருந்து ஆதிமூலம் அந்தச் சட்டத்தைத் தாமே எழுதிக் கொடுத்தவர் போல நடந்துகொண்டிருந்தார். ஊரில் அதைத் துக்கச் செய்தியாகப் படித்தவர்களும் உண்டு. முப்பதே பேர் ஜெயித்து வருகிற சட்டசபை அது. ஒருவர் தும்மினால் மந்திரிசபை ஆடும். இரண்டு பேர் சேர்ந்தாற்போல வெற்றிலை துப்ப எழுந்து போனால் விழுந்தே போகும்.

கீழே ஒரு ஜீப் வந்து ஹாரன் அடித்தது. மருந்துக்கடைக்காரர் மாடியைப் பார்த்து, "முசியே ஆதிமூலம்! உங்கள எம்.எல்.ஏ. வூட்டுல கூப்புடறாங்க!" என்று கத்தினார். கடைக்காரருக்கு வயசு எழுபது. பிரெஞ்சுக்காரன் கப்பலேறி முப்பது வருஷம் ஆகியும் அவர் வாயிலிருந்து இன்னும் இறங்கவில்லை.

ஆதிமூலம் கோட்டை மாட்டிக்கொண்டார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சித்தப்பா விட்டுப்போன கம்பளிக் கோட்டு அது. பாண்டிச்சேரி வெயிலுக்கு அதைப் போட்டுக்கொள்வதற்கு உடம்பில் துணிச்சல் வேண்டும். அது அவரிடம் இருந்தது. வேர்க்குருவும் இருந்தது.

*

ஆலந்தோப்புத் தொகுதியின் எம்.எல்.ஏ. சாமிக்கண்ணு தொடர்ந்து மூன்று முறை ஜெயித்தவர். எழுபத்து நாலில் சுயேச்சை. எழுபத்தேழில் ஒரு கட்சி. எண்பதில் வேறொரு கட்சி. இந்தத் தேர்தலில் புதிதாக இன்னொரு கட்சி. தொகுதி மட்டும் மாறவில்லை. அதற்குக் கால் கிடையாது.

உப்பளத்தில் இருந்த அவர் வீட்டுக் கூடத்தில் மூன்று வெற்றிகளுக்கும் மூன்று போட்டோக்கள் மாட்டியிருந்தன. பின்னால் எடுத்த இரண்டிலும் எம்.எல்.ஏ. திறந்த ஜீப்பில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். தோளில் இருந்த துண்டின் நிறம்தான் வேறு வேறு. முதல் போட்டோவில் ஜீப் இல்லை. ஒரு சைக்கிளின் பின் கேரியரில் உட்கார்ந்திருந்தார். கழுத்து தெரியாமல் மாலை. முன்னால் யாரோ ஒரு ஆள் குனிந்து மிதித்துக்கொண்டிருந்தான்.

"எளிமை!" என்று ஆதிமூலம் அந்தப் படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து காப்பியை வாங்கிக்கொண்டார். "ஜெயிச்ச அன்னிக்குக்கூட கேரியர்ல."

"சைக்கிள்தான் அப்ப என் சின்னம்" என்றார் எம்.எல்.ஏ.

காத்தவராயன் படத்தை இன்னும் கொஞ்சம் பார்த்தான். கேரியரில் இருந்த தலைவர் ஒரு கையால் கூட்டத்துக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு கையால் சீட்டை, குரங்குக் குட்டி தாயைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தார். சைக்கிள் சின்னத்தில் ஜெயித்தவருக்குச் சைக்கிள் மேல் இவ்வளவு பயம் ஏன் என்று அவனுக்குத் தோன்றியது. கேட்பதற்குள் எம்.எல்.ஏ. கத்த ஆரம்பித்துவிட்டார்.

"டம்மி சார், டம்மி! எனக்கு எதிரா இன்னொரு சாமிக்கண்ணு மனு போட்டிருக்கான். நெல்லித்தோப்புல வாடகை சைக்கிள் கடை வச்சிருக்கறவன். என் பேரைக் காட்டி என் ஓட்டைப் பிரிக்க எவனோ எறக்கி வுட்டிருக்கான். மனுவ வாபஸ் வாங்க இன்னிக்கு மத்தியானம் மூணு மணிதான் கடைசி. மூணு தாண்டிச்சுன்னா ஓட்டுச் சீட்டுல ரெண்டு சாமிக்கண்ணு. ஜனங்க கொழம்பிப் போய் அவனுக்குக் குத்திட்டா நான் எங்க போறது?"

"ஜனங்க அப்படியா சார் கொழம்பிடுவாங்க?" என்றான் காத்தவராயன்.

"கொழம்புவாங்க. எனக்குத் தெரியும்." பதில் ரொம்ப வேகமாக வந்தது.

"நாங்க என்ன செய்யணும்?" என்றார் ஆதிமூலம்.

"ஆளு ரெண்டு நாளாக் காணும். கண்டுபுடிச்சு எடத்தச் சொன்னாப் போதும். மத்ததை நம்ம நாராயணசாமி பேசிக்குவாரு. அன்பா."

கதவோரம் நின்ற நாராயணசாமி அன்பானவர் என்பது அவர் விரல் கணுக்களைப் பார்த்தாலே தெரிந்தது. எல்லாம் வீங்கியிருந்தன.

"ஆள் போட்டோ ஏதாவது இருக்கா?" என்றார் ஆதிமூலம்.

"டம்மிக்கு ஏது சார் போட்டோ? கண்டுபுடிச்சுக் குடுங்க. என் கோட்டாவுல உங்க ஆபீஸுக்கு டெலிபோன்."

ஆதிமூலம் காப்பியைக் கீழே வைத்தார். எட்டு வருஷமாக அவர் டெலிபோனுக்கு மனுப் போட்டுக் காத்திருக்கிறார். அதுவரை வந்த கேஸெல்லாம் மருந்துக்கடை போனில், ஜலதோஷ மாத்திரை கேட்கிறவர்களுக்கு நடுவே பேசி எடுத்தவை. கணவனைக் காணோம் என்று அழுத ஒரு அம்மாளுக்குக் கடைக்காரர் ஒரு முறை இருமல் மருந்தே கொடுத்து அனுப்பிவிட்டார்.

"மூணு மணிக்குள்ள ஆள் உங்க கையில" என்றார் ஆதிமூலம்.

*

நெல்லித்தோப்பில் சைக்கிள் கடை பூட்டிக் கிடந்தது. கடைக்குப் பின்னாலேயே வீடு. வாசலில் தனக்கொடி என்ற அம்மாள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். சைக்கிள் கடைக்காரரின் மனைவி.

"வூட்டுக்காரரு இருக்காராம்மா?"

"ஊருக்குப் போயிருக்காரு."

"எந்த ஊரு?"

"தூரமான ஊரு."

"எப்ப வருவாரு?"

"மூணு மணிக்கு மேல" என்று சொன்ன தனக்கொடி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு உளுந்து ரொம்ப வேகமாகப் புடைபட்டது.

"தூரமான ஊரு, மத்தியானம் திரும்பிடலாம்" என்றான் காத்தவராயன். "நல்ல பஸ்ஸா இருக்கும்மா. நம்பர் குடுங்க, நாங்களும் போறோம்."

அந்த அம்மாள் பதில் சொல்வதற்குள் தெருவில் ஒரு சத்தம் வந்தது. சத்தத்துக்குப் பின்னால் செல்வாம்பாள் என்ற பக்கத்துத் தெரு அம்மாள் வந்தாள். இடுப்பில் சேலையைச் செருகியிருந்த விதத்திலேயே பேச வந்தவள் இல்லை, திட்ட வந்தவள் என்று தெரிந்தது.

"எங்க அந்தாளு? வெளிய வரச் சொல்லு! எங்க தெருச் சாக்கடை ரொம்பி வாசப்படி வரைக்கும் வந்துடுச்சு. ஓட்டு வாங்கறப்ப இனிச்சுதா? அள்ளறதுக்குக் கசக்குதா?"

"தாயே, நீங்க வூடு மாறி வந்துட்டீங்க" என்றார் ஆதிமூலம். "எம்.எல்.ஏ. வூடு உப்பளத்துல இருக்கு. இது சைக்கிள் கடை."

"எனக்கா வூடு தெரியாது? கோட்டப் போட்டுக்கிட்டு எனக்கு வழி சொல்ல வந்துட்டான்! நான் ஓட்டுப் போட்டது இந்த வூட்டு ஆளுக்குத்தான்யா. இந்த வூட்டுலதான் கேப்பேன்."

"அவரு வந்தாச் சொல்றேன் அக்கா" என்றாள் தனக்கொடி. பல வருஷமாகச் சொல்லிப் பழகிய குரல் அது. செல்வாம்பாள் இன்னும் இரண்டு வாக்கியம் திட்டிவிட்டு, கூட்டம் முடிந்த பேச்சாளரைப் போலத் திருப்தியாகப் போனாள்.

"பாவம், புத்தி பிசகின அம்மா" என்றார் ஆதிமூலம்.

காத்தவராயனுக்கு அப்படித் தோன்றவில்லை. புத்தி பிசகினவர்கள் சாக்கடை எதுவரை வந்திருக்கிறது என்று அவ்வளவு சரியாகச் சொல்லமாட்டார்கள். ஆனால் ஆதிமூலம் ஏற்கனவே கடையின் பலகை இடுக்கில் ஒரு கண்ணை வைத்துத் துப்பறிய ஆரம்பித்திருந்தார்.

"காத்தவராயா! கொடியில என்ன காயுது?"

"சட்டை. வேட்டி. துண்டு. வாசல்ல செருப்பு."

"கடைக்குள்ள என்ன இல்லை?"

காத்தவராயன் எட்டிப் பார்த்தான். சுவரில் டியூப்கள் தொங்கின. ஒட்டுப் போடுகிற பசைக் குழாய் வைக்கும் டப்பா இல்லை. ஸ்பேனர்கள் மாட்டும் ஆணிகள் காலி. மூலையில் காற்றடிக்கும் பம்பு நின்றிருந்த இடத்தில் அதன் அடிக்கட்டை அளவுக்கு எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

"பம்பு இல்லை சார்."

"ஓடி ஒளியறவன் சட்டைய எடுத்துக்கிட்டுப் போவான். இவன் சட்டைய விட்டுட்டு பம்பை எடுத்துக்கிட்டுப் போயிருக்கான். அப்படின்னா?"

"அப்படின்னா சட்டையில்லாமக் காத்தடிக்கறான்."

"வேலை செய்யறான்டா! சைக்கிள் கூட்டமா நிக்கற எடத்துல, கூட்டத்தோட கூட்டமா ஒளிஞ்சுக்கிட்டு, சும்மா இருக்க முடியாம வேலை செய்யறான். இனிமே நாம தேடப்போறது ஆளை இல்லை. காத்து நல்லா இருக்கற டயரை."

கேட்பதற்குப் பைத்தியக்காரத்தனமாக இருந்தாலும் யோசித்துப் பார்த்தால் சரியாக இருந்தது. ஆதிமூலத்தின் யோசனைகள் எப்போதும் அப்படித்தான். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் புத்திசாலித்தனம் இருக்கும். அதைப் பிடிக்கத் தெரிய வேண்டும்.

*

ரயில் நிலையத்துச் சைக்கிள் ஸ்டாண்டில் வரிசையாக எல்லா டயரையும் அமுக்கிப் பார்த்தார்கள். பாதி சப்பையாக இருந்தது. மீதி சப்பையாகிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"இங்க வரலை சார்" என்றான் காத்தவராயன்.

மில் வாசலுக்குப் போனார்கள். அங்கே டயரில் காற்றும் இல்லை, பிரேக்கும் கிடையாது. தியேட்டர் ஸ்டாண்டில் ஒரு சைக்கிளுக்குச் செயினே இல்லை. அதன் சொந்தக்காரர் தள்ளிக்கொண்டே படம் பார்க்க வந்திருக்க வேண்டும். அங்கே ஆதிமூலம் குனிந்து ஒரு முன் சக்கரத்தை அமுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் ஒருவர் வந்து நின்றார்.

"என்னாய்யா, சைக்கிளைத் தடவிக்கிட்டுத் திரியறீங்க?"

"நான் துப்பறியும் நிபுணர்" என்றார் ஆதிமூலம் நிமிராமலே.

"அவரு சைக்கிள் டாக்டருங்க" என்றான் காத்தவராயன். "நாடி பாக்கறாரு."

போலீஸ்காரர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தம்முடைய சைக்கிளையும் கொண்டுவந்து நிறுத்தினார். ஆதிமூலம் அதையும் அமுக்கிப் பார்த்து, "தேறாது" என்றார்.

அதற்குள் நடுப்பகல் வந்துவிட்டது. பாண்டிச்சேரியில் நடுப்பகலுக்கு ஒரு மரியாதை உண்டு. கடைக்காரர்கள் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, சட்டையைக் கழற்றிப் படுத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் ஊருக்குள் படையெடுத்து வருகிறவன்கூட நாலு மணி வரை வெளியில் காத்திருக்க வேண்டியதுதான். வெறிச்சென்று கிடந்த வீதியில் கம்பளிக் கோட்டும் அதன் உதவியாளனும் மட்டும் நடந்து போனார்கள்.

"மணி ரெண்டு ஆகப்போவுது சார். டெலிபோன் கிணிகிணின்னு அடிச்சுக்கிட்டே தூரமாப் போவுது."

அப்போதுதான் நிஜமாகவே கிணிகிணியென்று மணிச் சத்தம் கேட்டது.

வீதி முனையிலிருந்து ஒரு சைக்கிள் வரிசை திரும்பியது. ஒவ்வொன்றின் ஹேண்டில் பாரிலும் எம்.எல்.ஏ. சாமிக்கண்ணுவின் புத்தம்புதுக் கட்சிக் கொடி. சாயங்காலம் அவருக்குச் சைக்கிள் ஊர்வலம். அதற்கு விழுப்புரம் பக்கத்திலிருந்து லாரியில் இறக்கிய ஆட்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரிசை அவர்களைத் தாண்டிப் போனது.

காத்தவராயன் நின்றுவிட்டான்.

"சார், இந்தச் சைக்கிளுங்க நேத்து லாரியில வந்து எறங்கறதை நான் பாத்தேன். பழைய இரும்புக் கடைக்குப் போவுதுன்னு நெனச்சேன். இப்பப் பாத்தீங்களா?"

ஆதிமூலம் பார்த்தார். ஒரு சக்கரம்கூடக் கோணவில்லை. ஒரு மட்காடுகூட ஆடவில்லை. எல்லா மணியும் அடித்தது. எந்தக் கட்சி ஊர்வலத்திலும் இப்படி நடந்ததாகச் சரித்திரம் இல்லை.

"பின்னாலயே போடா!" என்று கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

*

சைக்கிள்கள் போய் நின்ற இடம் உப்பளம் மைதானத்தை ஒட்டிப் போட்டிருந்த கீற்றுப் பந்தல். வாசலில் எம்.எல்.ஏ. சாமிக்கண்ணு இரண்டு ஆள் உயரத்துக்குக் கட்அவுட்டில் சிரித்துக்கொண்டிருந்தார். அது அவருடைய சொந்தத் தேர்தல் அலுவலகம்.

பந்தலின் பின்பக்கம், பிரியாணி அண்டாவுக்கும் கீற்றுத் தட்டிக்கும் நடுவே, கவிழ்த்து வைத்த சைக்கிள்கள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு அந்தப் பக்கம் வேலை செய்துகொண்டிருந்த ஆளுக்கு ஐம்பது வயது இருக்கும். பனியனும் கைலியும். முகத்தில் பாதி கிரீஸ். பக்கத்தில் பம்பு.

"சாமிக்கண்ணு!" என்றார் ஆதிமூலம்.

அந்த ஆள் ஓடவில்லை. சக்கரத்தைச் சுற்றிவிட்டு அது நிற்கும்வரை பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"கண்டுபுடிச்சிட்டீங்களா? மூணு மணி வரைக்கும் இழுத்துடலாம்னு பாத்தேன்."

"அவரைக் கவுக்கறதுக்கு அவரு பந்தல்லயே ஒளிஞ்சிருக்கியா?"

"வேற எங்க போனாலும் தேடுவாங்க. இங்க எவனும் தேட மாட்டான். எல்லாம் வெளியூரு ஆளுங்க. ஒருத்தன் பேரு கேட்டான், சாமிக்கண்ணுன்னேன். 'அட, தலைவரு பேரு!'ன்னு பிரியாணியில ஒரு துண்டு சேத்துப் போட்டான்."

காத்தவராயனுக்குச் சிரிப்பு வந்தது. ஆதிமூலத்துக்கு வரவில்லை.

"உன்னை நிக்க வச்சது யாரு? எந்தக் கட்சி? எத்தனை நாளா டம்மி வேலை பாக்கறே?"

"நான் டம்மி இல்லீங்க" என்றார் சாமிக்கண்ணு. "அவருதான் என்னோட டம்மி."

அண்டாவின் அடியில் கரி வெடித்த சத்தம் கேட்டது.

"எழுவத்து நாலுல மில்லுல வேலை பாக்கறவங்க எல்லாம் சேந்து என்னை நில்லுன்னாங்க. வாடகை சைக்கிள் கடை பாருங்க, தொகுதியில எல்லாருக்கும் என்னைத் தெரியும். அப்ப நின்ன ஒரு பெரிய மனுஷனுக்குப் பயம் வந்துடுச்சு. என் ஓட்டைப் பிரிக்கணும்னு, தியேட்டர்ல டிக்கெட் கிழிச்சிட்டிருந்த ஒரு சாமிக்கண்ணுவைத் தேடிப் புடிச்சு நிக்க வச்சாரு."

"அந்த டிக்கெட் கிழிச்சவருதான்..." என்று காத்தவராயன் கட்அவுட் பக்கம் கையைக் காட்டினான்.

"அவருதான். நான் சைக்கிள் சின்னம் கேட்டேன். அவரும் அதையே கேட்டாரு. சொல்லி வுட்டிருந்தாங்க. அதிகாரி ரெண்டு சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டாரு. அவருக்கு விழுந்துடுச்சு."

"உங்களுக்கு?"

"குடை."

"ஐயையோ."

"ஜனங்களச் சொல்லிக் குத்தமில்ல. சீட்டைப் பிரிச்சாங்க. சாமிக்கண்ணுன்னு பேரு, பக்கத்துல சைக்கிளு. குத்திட்டு நேரா என் கடைக்கு வந்து, 'ஒனக்குத்தான் போட்டேன்'னு கையப் புடிச்சுக் குலுக்கிட்டுப் போனாங்க. எனக்கு டெபாசிட்டே போச்சு. பெரிய மனுஷனும் தோத்துட்டாரு."

"ஜெயிச்சவரு என்ன செஞ்சாரு?"

"ஓட்டு எண்ணி முடிச்சுப் பேரைச் சொல்லிக் கூப்புட்டப்ப ஆளு அங்க இல்ல. மேட்னிக்கு டிக்கெட் கிழிக்கப் போயிட்டாரு. அங்க போய்த் தூக்கிட்டு வந்தாங்க. ஊர்வலத்துக்குச் சைக்கிள்ல ஏத்துனா, ஓட்டத் தெரியலை. தடார்னு விழுந்தாரு. மறுபடியும் ஏத்துறானுங்க. அது என் கடை சைக்கிளுங்க. ரிம்மு கோணிடுமேன்னு நானே அவரைப் பின்னால உக்கார வச்சு மிதிச்சேன்."

காத்தவராயன் மெதுவாக ஆதிமூலத்தின் பக்கம் திரும்பினான். அவர், பேச்சோடு பேச்சாக மறுபடி சக்கரத்தின் மேல் குனிந்திருந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில், தேடிப்போக வேண்டிய ஆளின் போட்டோவுக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் அவர் போட்டோ இருக்கிறதா என்று கேட்டிருந்தார்.

"அதுக்கப்புறம் அவரு கட்சி கட்சியாப் போயி அலையில ஜெயிச்சிட்டாரு" என்றார் சாமிக்கண்ணு. "ஆனா என் தெருக்காரங்களுக்கு அந்த மொத ஓட்டு மறக்கலை. குழாயில தண்ணி வரலைன்னா என் வூட்டுக்கு வர்றாங்க. வெளக்கு எரியலைன்னா என் வூட்டுக்கு வர்றாங்க. எத்தனை தடவ சொன்னாலும் ஏறலை. ஓட்டு வாங்கினது அவரு. பதினோரு வருஷமாத் திட்டு வாங்கறது நானு."

செல்வாம்பாளின் சாக்கடை காத்தவராயனுக்கு இப்போது விளங்கியது.

"இப்ப அவரு கட்சிச் சின்னத்துல நிக்கறாரு. மூணு மணி தாண்டுனா சைக்கிள் கேக்க வேற ஆளு இல்ல, எனக்குத்தான். எனக்குன்னு போடற ஓட்டு ஒரு தடவ என்கிட்ட வந்து சேரட்டும். ஜெயிச்சா அந்தச் சாக்கடைய அள்ளிடறேன். தோத்தா எவனும் வாசல்ல வந்து கேக்க மாட்டான். எது நடந்தாலும் எம் பொண்டாட்டி நிம்மதியா உளுந்து பொடைப்பா."

ஆதிமூலம் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். கோட்டின் பித்தளைப் பொத்தானைப் போட்டார். போட்டதைக் கழற்றினார்.

"இதெல்லாம் கேக்க வருத்தமாத்தான் இருக்கு" என்றார் கடைசியில். "ஆனா நான் எம்.எல்.ஏ.கிட்ட வேலைய ஒத்துக்கிட்டவன். எடத்தைச் சொல்லியாகணும். அதுதான் தொழில் தர்மம்."

"சொல்லுங்க" என்றார் சாமிக்கண்ணு. கெஞ்சவில்லை. "இந்த ஒரு சக்கரத்தை மட்டும் முடிச்சிடறேன். ஓட்டறவன் ஊர்வலத்துல விழுந்துடுவான்." மறுபடி குனிந்து கம்பியை முறுக்க ஆரம்பித்தார்.

வாசலில் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

எம்.எல்.ஏ. முன்னாலும் நாராயணசாமி பின்னாலுமாகப் பந்தலைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். நாராயணசாமிக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் அன்பாகப் பேசத் தயாராக இருந்தார்கள். காத்தவராயன் சைக்கிள் வரிசையைத் திரும்பிப் பார்த்தான். கவிழ்த்து வைத்த சைக்கிளுக்கு அந்தப் பக்கம் தலை தெரிந்தும் தெரியாமலும் இருந்தது.

"என்னா ஆதிமூலம், ஆளு கெடைச்சானா? மணி ரெண்டரை!"

ஆதிமூலம் வாயைத் திறந்தார்.

"கெடைச்ச ஒடனே என்கிட்ட வுடுங்க தலைவரே" என்றார் நாராயணசாமி. "ரெண்டு விரலை ஒடிச்சா போதும். மிச்சத்துல கையெழுத்துப் போடுவான்."

எம்.எல்.ஏ. சைக்கிள் வரிசையைப் பார்த்தார். தேர்தல் அதிகாரிக்குக் கும்பிடு போடும்போது தவிர அவர் கண் தரைப் பக்கம் இறங்குவதில்லை. "யோவ், சீக்கிரம் முடிய்யா. அஞ்சு மணிக்கு ஊர்வலம்" என்று கிரீஸ் முகத்துக்கு மேலாக உத்தரவு போட்டுவிட்டு ஆதிமூலத்திடம் திரும்பினார். "சொல்லுங்க சார்!"

"கண்டுபுடிச்சிட்டேன்" என்றார் ஆதிமூலம்.

காத்தவராயன் கண்ணை மூடிக்கொண்டான்.

"சட்டைய விட்டுட்டு பம்பை மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிருக்கான் சார். அதை வச்சுக் கணக்குப் போட்டேன். காலாப்பட்டு."

"பம்புக்கும் காலாப்பட்டுக்கும் என்னா சம்பந்தம்?"

"அது தொழில் ரகசியம். மீன்காரங்க குப்பத்துல, கடைசி வரிசையில, வலை காயப்போட்ட வூடு."

"அங்க எல்லா வூட்டுலயும் வலை காயுமே?"

"அதனாலதான் அங்க ஒளிஞ்சிருக்கான். கெட்டிக்காரன். ஒரு வூடு விடாமப் பாருங்க."

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வடக்கே பறந்தது. அது போய்ச் சேர்ந்து, வலை காயும் வீட்டையெல்லாம் தட்டி, அந்த மீனவப் பெண்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்புவதற்குள் தேர்தல் அதிகாரி மேசையைத் துடைத்து வைத்துவிட்டுப் போயிருப்பார்.

காத்தவராயன் கண்ணைத் திறந்தான். சொல்வதற்கு அவனிடம் ஏராளமாக இருந்தது. எதை முதலில் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஆதிமூலம் அவனைப் பார்க்கவில்லை. கவிழ்த்து வைத்த சைக்கிளை மெதுவாகச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். சாமிக்கண்ணுவின் எதிரில் குந்தினார். முட்டி இரண்டும் சத்தம் போட்டன.

"எங்க புடிக்கணும்?" என்று கேட்டார்.

"அச்சை. ஆடாமப் புடிங்க."

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சார்" என்றான் காத்தவராயன். "நீங்க இப்ப..."

"டேய்" என்றார் ஆதிமூலம், தலையை நிமிர்த்தாமல். "வெளிச்சத்தை மறைக்காம தள்ளி நில்லு."